ஒரே வெளிச்சமுள்ள இரண்டு சதுரங்கள்

பிப்ரவரி 9

நீ போனை எடுப்பதில்லை. அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "எழுதச் சொல்லுங்கக்கா, எழுத்துன்னா அவரால குறுக்க பேச முடியாதில்ல" என்றாயாம். என் அக்கா என் முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டை விஷயம். காலருக்குள் ஒரு தையல் இருந்தால் பச்சை, இரண்டு இருந்தால் சிவப்பு. கல்யாணமான புதிதில் நீயே யோசித்துச் செய்த ஏற்பாடு. போகும்போது எல்லாச் சட்டையிலும் தையலைப் பிரித்துவிட்டுப் போயிருக்கிறாய். பெட்டி கட்டும் அவசரத்திலும் அதற்கு உனக்கு நேரம் கிடைத்திருக்கிறது. போன வாரம் நான் எந்தக் கோலத்தில் கல்லூரிக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. மாணவர்கள் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார்கள். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதை அறிந்த ஒரே ஆள் நீ. அக்காவுக்குக்கூடத் தெரியாது. அதை அப்படியே வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பதைவிட, வேறு வழியில்லை என்பது சரி.

இரண்டாவது, புத்தகம். 'காட்சி வடிவமைப்பு: மாணவருக்கான அடிப்படைகள்' இரண்டாம் பதிப்பு வருகிறது. முதல் பதிப்பு கறுப்பு மையில் மட்டும் வந்ததால் பிழைத்தோம். கோடு, வடிவம், வெளி, இழைநயம், ஒளியும் நிழலும் என்று ஐந்து அத்தியாயம் விரிவாக எழுதிவிட்டு, ஆறாவதான வண்ணத்துக்கு மட்டும் "வண்ணத்தை மாணவர் தாமே அனுபவித்து அறிக" என்று ஒரு பத்தியோடு முடித்தேன். அதன் அடக்கத்தை மதிப்புரைகள் பாராட்டின. இப்போது பதிப்பகம் முழு வண்ணத்தில் கேட்கிறது. ஜூனில் துறைத் தலைவர் ஓய்வுபெறுகிறார். தேர்வுக் குழுவின் மேஜையில் இந்தப் பதிப்பு இருந்தால் அந்த நாற்காலி எனக்கு. வண்ணம் தெரியாதவன் வண்ணம் நடத்துகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பினால், இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் போய்விடும்.

எனக்கு வேண்டியது கொஞ்சம் வண்ணச் சதுரங்கள். நீ தீட்டி, பின்பக்கம் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி அனுப்பு. முக்கியமாக ஒரே அளவு வெளிச்சமுள்ள ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் வேண்டும். இரண்டில் எதுவும் மற்றதைவிட இருட்டாகத் தெரியக் கூடாது. நிறத்தால் மட்டுமே வேறுபடும் ஒரு ஜோடி. இந்த யோசனை என்னுடையது. குழு இதை ரசிக்கும்.

வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது, குப்பைக்கூடை உட்பட.

— நான்


பிப்ரவரி 17

பேராசிரியருக்கு,

தையலைப் பிரித்தது நான்தான். என் நூல், எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று உங்கள் அக்கா சொல்லியிருப்பார். ஒரு பெயிண்ட் கம்பெனி. ஆட்கள் ஓட்டுத்துண்டு, திரைச்சீலைத் துணி, பழைய கதவின் சிராய் என்று எதையாவது கொண்டுவருவார்கள். அதே நிறத்தில் பெயிண்ட் கலக்கிக் கொடுக்க வேண்டும். நாங்கள் வேலை செய்யும் அறையில் சுவர் சாம்பல், மேஜை சாம்பல், போட்டுக்கொள்ளும் மேலங்கியும் சாம்பல். பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் ஏமாந்துவிடுமாம். மேனேஜர் ஒரு நாள் மஞ்சள் சட்டை போட்டு வந்தார். கொஞ்சம் வெளியே நில்லுங்கள் சார் என்றேன், நின்றார். ஒரு மனிதரை வெளியே நிற்கச் சொல்ல முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி.

சதுரங்கள் தீட்டித் தருகிறேன். அட்டையில் என் பெயர் வர வேண்டும். உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே வரியில், அதே அளவில்.

முதல் பதிப்பின் படங்கள் எல்லாம் நான் வரைந்தவை என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம். "கோடு கண்ணைக் கைபிடித்து அழைத்துப் போகிறது, கண் அதைத் தன் விருப்பம் என்று நினைத்துக்கொள்கிறது" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதை நான் காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன். நீங்கள் எழுந்துபோய் எழுதிவைத்தீர்கள். இப்போது மாணவர்கள் அதைப் பரீட்சையில் உங்கள் பெயரோடு எழுதுகிறார்கள். எனக்குக் கிடைத்தது முன்னுரையின் கடைசி வரி: "தேநீருக்கும் பொறுமைக்கும் என் மனைவிக்கு நன்றி." தேநீர் வாயில் வைக்க முடியவில்லை என்று தினமும் சொல்வீர்கள். ஆக, மிச்சம் பொறுமை. அதுவும் தீர்ந்துவிட்டது.

மாணவர்கள் உங்களை இன்னும் 'வானவில்' என்றுதான் கூப்பிடுகிறார்களா?


பிப்ரவரி 26

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு முறை கணவனாக, ஒரு முறை வடிவமைப்பாளனாக. இரண்டு முறையும் அதில் சமநிலை இல்லை.

அட்டையில் இரண்டு பெயர் வைக்க முடியாது. ஒரே வரியில் ஒரே அளவில் இரண்டு பெயர் இருந்தால் கண் எதில் நிற்பது என்று திணறும். நம் மூன்றாம் அத்தியாயம் என்ன சொல்கிறது? வெளி என்பது காலி இடமல்ல, மற்றதைத் தெரியவைக்கும் இடம். உன் பெயர் இல்லாத அந்த இடம் சும்மா இருக்கிறது என்று நீ நினைக்கிறாய். அங்கே அது வேலை செய்துகொண்டிருக்கிறது. வீட்டிலும் நீ அதைத்தான் செய்தாய், நன்றாகவே செய்தாய். முன்னுரையில் வேண்டுமானால் தேநீரை எடுத்துவிட்டு "ஒத்துழைப்புக்கு" என்று போடுகிறேன்.

நீ இல்லாவிட்டால் நான் விழுந்துவிடுவேன் என்ற கற்பனையும் வேண்டாம். போன செவ்வாய் ஒரு மாணவியின் போஸ்டரை எடுத்து, இந்தப் பச்சைப்பசேல் வயலைப் பாருங்கள் என்று ஆரம்பித்தேன். அது வறண்ட செம்மண் நிலமாம். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், அந்த நிலத்துக்கு ஞாபகமிருக்கிற பச்சையையா சொல்றீங்க?" என்றாள். வேறெதைச் சொல்வேன் என்று நினைத்தாய் என்றேன். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். 'நிலத்தின் ஞாபகப் பச்சை' பற்றி இரண்டு பேர் ஆய்வு செய்யப் போகிறார்களாம். கல்வி என்பது கேட்பவர் கையில் இருக்கிறது.

கடைசி வரிசையில் நம் ஸ்கேல் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் உறுத்துகிறது. முதுகை வளைக்காமல் உட்காரும் அந்தத் துணைப் பேராசிரியர்தான். அவரும் தலைவர் பதவிக்கு மனுப் போட்டிருக்கிறார். அவர் சிரிக்கவும் இல்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை.

ஒன்றை யோசித்துப் பார். பெயிண்ட் கம்பெனிக்காரனுக்குக் கண்தான் எல்லாம். உன் கண்ணைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், அந்தச் சாம்பல் அறையில் உன்னை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்? சதுரங்களைச் சீக்கிரம் அனுப்பு. அல்லது நேரில் கொண்டு வா. உன் அறை பூட்டாமல்தான் இருக்கிறது.


மார்ச் 14

பேராசிரியருக்கு,

எங்கள் மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. எனக்கு நிறம் பிரித்துத் தெரியாதாம். அதை மறைத்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறேனாம். "வாடிக்கையாளர் நலன் கருதும் ஒருவன்" என்று முடிகிறது. டைப் அடித்த கடிதம். நான்கு பக்கமும் அளவாக மார்ஜின், பத்திகளுக்கு நடுவே சீரான வெளி, தலைப்பு ஒரு படி பெரிது. மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் வழக்கமாக இவ்வளவு அழகாக எழுத மாட்டார்கள். உங்கள் மூன்றாம் அத்தியாயத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பரிசோதனைக்குத் தேதி கிடைக்கும்வரை என்னை அறையிலிருந்து எடுத்து டப்பா மூடும் பகுதியில் போட்டார்கள். நான் கலக்கிக் கொடுத்தவற்றையெல்லாம் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். என்னோடு சாப்பிடுகிற பெண்கள் தங்கள் துப்பட்டாவைக் காட்டி, "இது என்ன கலர் சொல்லுங்க பார்ப்போம்" என்று விளையாடினார்கள். முதல் நாள் நானும் சிரித்தேன்.

பிறகு அந்தப் பரிசோதனைப் புத்தகம் வந்தது. பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், நடுவில் ஒரு எண். உங்களுக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்காது. நீங்கள் புரட்டினால் வெறும் புள்ளிகள்தான். எனக்கு எல்லா எண்ணும் தெரிந்தது. மேனேஜருக்குச் சங்கடமாகிவிட்டது. சமாதானமாக, "வீட்ல வேற யாருக்காவது இந்தக் குறை இருக்காம்மா?" என்று கேட்டார். "வீட்டை விட்டு வந்துட்டேன் சார்" என்றேன். அவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு எனக்கு டீ வரவழைத்தார். நன்றாக இருந்தது.

அந்த நிமிஷம் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைக் கருணை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். சில ஜோடி நிறங்கள் விளக்கு வெளிச்சத்தில் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். ஜன்னலோரம் கொண்டுபோனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. அப்படிப்பட்டதைப் பொருத்தம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எங்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். நம் கல்யாணத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை.

சதுரங்கள் தயார். அட்டையின் மாதிரி அச்சை என் பெயரோடு அனுப்புங்கள். அது வந்தால் இவை வரும்.


மார்ச் 25

நீ குறிப்பிடும் கடிதம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நல்ல மார்ஜின் விடுகிறவன் எல்லாம் நானில்லை. இந்த ஊரில் என்னிடம் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எப்படியோ, உன் கண் நன்றாக இருப்பதை எழுத்துபூர்வமாக நிரூபித்துக்கொண்டாய். யார் எழுதியிருந்தாலும் உனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

அட்டையின் மாதிரி அச்சு இத்துடன் வருகிறது. உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில், அதே வரியில், அதே அளவில். நான் சொன்னதுபோலவே கண் திணறுகிறது. போகட்டும். பதிப்பகத்தில் இதைப் பார்க்கிற பதிப்பாசிரியப் பெண் வாரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, வண்ண அத்தியாயம் எங்கே சார் என்று நச்சரிக்கிறாள். ஸ்கேல் என் அறைக்கு வந்து, புத்தகத்துக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்துவிட்டுப் போனார். போகும்போது என் டையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார். அது என்ன நிறம்? கட்டம் போட்டது, மாமா கொடுத்தது. பதிலில் எழுது.

சீக்கிரம் அனுப்பு. கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சொல்லை உனக்கு எழுதுவது இதுவே முதல்முறை என்று நினைக்கிறேன்.


ஏப்ரல் 6

பேராசிரியருக்கு,

சதுரங்கள் இத்துடன். ஓரத்தில் வரிசை எண்ணும், பின்பக்கம் பென்சிலில் பெயரும் இருக்கின்றன. நீங்கள் கேட்ட ஜோடி நான்காவதும் ஐந்தாவதும். இரண்டிலும் வெளிச்சம் ஒரே அளவு, எங்கள் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டேன். நான்காவது சிவப்பு. ஐந்தாவது பச்சை.

எழுதியிருப்பது எல்லாம் உண்மை. சந்தேகம் வந்தால் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். உங்களால் கேட்க முடியாது என்று தெரியும், மரியாதைக்குச் சொன்னேன்.

மாமா கொடுத்த டை பழுப்பு. அதைப் பார்த்து யாரும் திகைக்க வேண்டியதில்லை. ஸ்கேல் பார்த்தது அதோடு நீங்கள் போட்டிருந்த சட்டையாக இருக்கும்.


மே 11

புத்தகம் அச்சாகிவிட்டது. உனக்கு ஒரு பிரதி அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உன்னோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தவன் நான். நீ அனுப்பிய சதுரங்களைத் திருப்பிப் பார்த்தேன். மற்ற எல்லாவற்றிலும் பெயர் சுத்தமாக இருக்கிறது. நான்கிலும் ஐந்திலும் மட்டும் ஏதோ எழுதி, ரப்பரால் அழித்து, மேலே திரும்ப எழுதியிருக்கிறாய். எனக்கு நிறம் தெரியாமல் இருக்கலாம், இழைநயம் தெரியும். காகிதம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். அதோடு, யாரும் கேட்காமலே "எழுதியிருப்பது எல்லாம் உண்மை" என்று ஒரு வரி. நல்ல சரக்குக்கு யாரும் அப்படிக் கூவுவதில்லை.

நான் குழுவின் முன்னால் சிவப்பைப் பச்சை என்று காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதானே உன் திட்டம்? பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டேன். நான்காவதுக்குக் கீழே 'பச்சை', ஐந்தாவதுக்குக் கீழே 'சிவப்பு', ஆளுக்கு ஒரு முழுப் பக்கம். மொட்டைக் கடிதத்துக்குப் பிறகு நீ பழிவாங்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். உன் இடத்தில் நானாக இருந்தால் நிச்சயம் மாற்றித்தான் எழுதியிருப்பேன்.

நீ அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பதிப்பாசிரியப் பெண்ணையும் கையில் போட்டுக்கொண்டிருக்கிறாய். "சார், அந்த ரெண்டு கலர் பேரும் இடம் மாறியிருக்கிற மாதிரி இருக்கே" என்று கூப்பிட்டாள். மறுநாள் திரும்பவும் கூப்பிட்டாள், இந்த முறை கெஞ்சுகிற குரலில். உன் குரலே கேட்டது எனக்கு. வண்ணம் கற்பிப்பது யார், நீயா நானா என்று கேட்டேன். நான் கொடுத்தபடியே அச்சிட வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, கீழே கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

அட்டையிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். மாணவர் கையில் போகிற புத்தகம். பொய் எழுதிக் கொடுத்தவளின் பெயரை அதில் வைக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. முன்னுரையிலும் இல்லை. இப்போது அட்டையைப் பார்க்கும் கண் எங்கும் திணறவில்லை.

அடுத்த மாதம் குழு கூடுகிறது. முடிவை அக்கா உனக்குச் சொல்வாள்.


ஜூன் 20

பேராசிரியருக்கு,

உங்கள் அக்கா வந்து சொன்னார். சொல்வதற்கு முன் என் அறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். ஸ்கேலுக்குத் தலைவர் பதவி கொடுத்தார்களாம். உங்களைப் படச்சட்டங்களும் ஓவியப் பலகைகளும் வைக்கும் கிடங்குக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்களாம். நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னீர்களாம்.

குழுவின் தலைவியாக வந்திருந்த ஓவியர் அந்த இரண்டு பக்கத்தையும் விரித்து, கீழே இருந்த பெயர்களை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, "இதுல எது சார் சிவப்பு?" என்று கேட்டாராம். நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு நிலத்தின் ஞாபகப் பச்சை பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஸ்கேல் ஒரு வார்த்தையும் பேசத் தேவையே இருக்கவில்லை.

"சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கு, கூடப் பிறந்தவ எங்கிட்டகூட சொல்லலியே. நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் அக்கா. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் யோசித்தோம். ஒன்றும் ஆகியிருக்காது. ஒளியும் நிழலும் நடத்த உங்களைவிட நல்ல ஆள் அந்தக் கல்லூரியில் இல்லை. ஒரு கறுப்புக்கும் அதற்கு அடுத்த கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிகிற மாதிரி எனக்குத் தெரியாது. வண்ணத்தை ஸ்கேலிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். உங்களுக்கு வானவில் என்று பேர் வாங்க வேண்டியிருந்தது.

புத்தகத்தைக் கடையில் வாங்கினேன். நான் தீட்டிய பச்சை பக்கம் முழுக்க நிறைந்திருக்கிறது, கீழே பெரிய எழுத்தில் 'சிவப்பு'. எதிர்ப் பக்கத்தில் சிவப்பு, அதன் கீழே 'பச்சை'. அச்சு மிகவும் நன்றாக வந்திருக்கிறது. பதிப்பாசிரியப் பெண்ணை நான் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. அவள் உங்களைக் காப்பாற்ற நினைத்த யாரோ ஒருத்தி. இரண்டு முறை நினைத்திருக்கிறாள்.

அந்த இரண்டு சதுரங்களில் நான் அழித்தது இதுதான். பழக்கதோஷத்தில் முதலில் எங்கள் கம்பெனி வைத்திருக்கும் பெயர்களை எழுதிவிட்டேன். ஒன்று 'செங்கல் சூளை', மற்றது 'குளத்துப் பாசி'. படிக்கிற பிள்ளைகளுக்கு விற்பனைப் பெயர் எதற்கு என்று அழித்துவிட்டு, சிவப்பு என்றும் பச்சை என்றும் எழுதினேன்.

நான் எழுதியது உண்மை. நீங்கள் அதை நம்பமாட்டீர்கள் என்பதும் எழுதும்போதே எனக்குத் தெரியும். நம்புகிற மாதிரி எழுதியிருக்கலாமே என்று அக்கா கேட்டார். எனக்கு அப்படி எழுத வராது என்று சொல்லிவிட்டேன்.

மேனேஜர் இந்தப் புத்தகத்தை எங்கள் அறையில் வாங்கி வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுகிறோம். யார் சிரிக்கிறார்களோ அவர்களுக்கு வேலை. எழுதியவர் யார் என்று அவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அங்கே ஒரே ஒரு பெயர் இருக்கிறது. கண் திணறவே இல்லை. என் பெயரை எடுத்ததற்கு நன்றி. இத்தனை வருஷத்தில் எனக்காக நீங்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

கிடங்குக்குப் போவதானாலும் சட்டை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அக்காவிடம் ஒரு ஊசியும் இரண்டு நூல்கண்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பச்சைக்கு ஒரு தையல், சிவப்புக்கு இரண்டு, பழைய கணக்குதான். நூல்கண்டில் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. எது எது என்று எழுதவில்லை. எழுதினால் மாற்றிக்கொள்வீர்கள்.